கூட்டிய ஒரு மணி நேரம்

பதினொரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிடம். காலை ஒன்பதரைக்கு மணலில் ஏறிய படகு இரவு ஒன்பதேகாலுக்குத்தான் மறுபடி மிதக்கும். கணக்குப் போட்டது நான். கணக்கு சரிதான்.

அதற்கு முந்தைய கணக்குதான் தவறு.

எங்கள் படகின் பெயர் பமேலா. பதினேழு அடி, ஒரு பாய்மரம், இரண்டு பேர் மடங்கிப் படுக்கும் அளவுக்கு ஒரு சிறிய அறை. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையை மேலே இழுத்துவிட்டால் முழங்கால் ஆழத்திலும் மிதக்கும். டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னால் கட்டி எங்கும் கொண்டுபோகலாம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் படகு. முதல் சொந்தக்காரர் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்று அப்பா அப்படியே விட்டுவிட்டார். அம்மா மட்டும் இன்றுவரை பமேலாவை "உங்கப்பாவோட ரெண்டாவது" என்றுதான் சொல்வாள்.

முதல் கோடையில் நாங்கள் நான்கு பேரும் போனோம். இங்கிலாந்தின் நடுவில், டெர்பிஷயரில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கேதான் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்டோம் என்றால், தவறு செய்தோம். ஒவ்வொரு தவறையும் ஒரு நோட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அப்பா முப்பத்தொரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். டிப்போவில் அப்படி ஒரு நோட்டு உண்டாம். தவறு செய்தவர் தன் கையால் எழுதிப் பெயர் போட வேண்டும். வேறொருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தபின் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, கேலியும் கூடாது.

ஒன்று, அப்பா: படகின் அடியில் இருக்கும் துளையைத் தக்கையால் மூடாமல் தண்ணீரில் இறக்கினேன். இரண்டு, அம்மா: டிரெய்லர் விளக்கின் வயரைக் கழற்றாமல் தண்ணீருக்குள் விட்டேன், இரண்டு பல்பும் வெடித்தன. ஐந்து, என் தம்பி டோபையஸ்: ஆப்பிள் மரத்தைப் பார்க்காமல் பாய்மரத்தை நிமிர்த்தினேன். ஒன்பதும் அவன்தான்: ஒரு மணி நேரத்தைக் கூட்ட மறந்தேன்.

அந்த ஒன்பதாவது, நாங்கள் முதல்முறை கடலுக்குப் போனபோது நடந்தது. நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வைத்த இடத்தில் இருக்கும். கடல் அப்படி இல்லை, ஏறும், வற்றும். அதற்கு அட்டவணை உண்டு. கோடையில் எங்கள் நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவோம். கடல் தள்ளிக்கொள்வதில்லை. நாங்கள் வாங்கும் அட்டவணையும் தள்ளிக்கொள்வதில்லை. அதில் இருக்கும் நேரத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். டோபையஸ் கூட்டவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேற்றைப் பார்த்தபடி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தோம். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. அட்டவணையைப் பார்த்து எழுதுவது நான். ஒன்றைக் கூட்டுவது அப்பா. வேறு யாரும் கூட்டக்கூடாது.

நோட்டில் பதினாறு தவறுகள் இருந்தன. என் கையெழுத்து ஒன்றில்கூட இல்லை. நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. நான் எதையும் தொடுவதில்லை. கயிற்றைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வேன், விடு என்றால் விடுவேன்.

அடுத்த வருடம் டோபையஸ் கனடாவுக்கு வேலைக்குப் போனான். அம்மா படகை இறக்கும் சிமெண்டுச் சரிவில் பாசி வழுக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். மிச்சம் நானும் அப்பாவும்தான். நாங்கள் இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. நாலு பேர் இருந்தபோது அது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, வேல்ஸ் கடற்கரைக்குக் கிளம்புவதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருடைய அப்பா அறுபது வயதில் தபால் நிலையத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர். மார்ச் மாதம் அப்பா கடை வாசலில் காரை ஓடவிட்டபடியே உள்ளே போய்விட்டார். ஏப்ரலில் என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டுமே யாருக்கும் நடக்கக்கூடியவை. ஆனால் மே மாதம் அவரே மருத்துவரிடம் போய், ஞாபக சக்தியைச் சோதிக்க ஒரு தேதி வாங்கி வந்தார். ஜூலை பதினான்கு. அந்தக் கடிதம் சமையலறைக் கடிகாரத்தின் பின்னால் இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவர் டிரெய்லர் விளக்குகளை மூன்று முறை சோதித்தார். மூன்றாவது முறை பார்க்கும்போது முதல் இரண்டு முறையும் அவருக்கு நினைவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, கேட்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமை ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரம், எட்டு பத்து. ஒரு சிறு அட்டையில் எழுதினேன். பிறகு ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். எட்டை அடித்துவிட்டு ஒன்பது பத்து என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.

காலையில் படகைத் தண்ணீரில் இறக்கும்போது அவர் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"ஹெஸ்டர், ஏற்றம் எத்தனை மணிக்கும்மா?"

நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். அட்டை என் மழைச்சட்டைப் பையில் இருந்தது. பார்க்கத் தேவையில்லை.

"ஒன்பது பத்து."

அவர் உள்ளே நேரங்களைக் குறித்துவைக்கும் வெள்ளைப் பலகையில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

கழிமுகத்தின் நடுவில் ஒரு நீண்ட மணல்திட்டு. ஒன்றரை மணி நேரம் நல்ல காற்றில் ஓடிவிட்டு, ஒன்பதரைக்கு அப்பா படகின் மூக்கை மெல்ல அதன் ஓரத்தில் ஏற்றினார். வேண்டுமென்றேதான். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்யலாம். டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீரே தூக்கிவிடும்.

"பத்து நிமிஷத்துல தானா மிதக்கும், பாரு" என்றார். பிளாஸ்க்கைத் திறந்தார். பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த ரொட்டியை எனக்குப் பாதி தந்தார்.

பத்து நிமிடம் கழித்துப் படகின் மூக்கைச் சுற்றி ஈர மணல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. பதினைந்து நிமிடத்தில் அந்தப் பட்டை என் கையளவு அகலமானது.

"வத்துதே" என்றார் அப்பா.

இருவரும் குதித்துத் தள்ளினோம். முழங்கால் ஆழத்தில் நின்று, அவர் எண்ண, நான் தள்ள, நான் எண்ண, அவர் தள்ள. பமேலா அரை டன். அசையவில்லை. பிறகு தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நிறுத்திவிட்டோம்.

"பத்து பத்துக்குத்தானே ஏற்றம்? இன்னும் இருபது நிமிஷம் ஏறணுமே" என்றார் அப்பா.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் ஒரு முறை கூட்டினேன். அவர் ஒரு முறை கூட்டினார். விதிப்படி செய்தவர் அவர்தான்.

வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் அறைக்குள் போய் அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

"எட்டு பத்துன்னு போட்டிருக்கு. ஒண்ணு கூட்டினா ஒன்பது பத்து." பலகையைப் பார்த்தார். "நான் பத்து பத்துன்னு எழுதியிருக்கேன்."

நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

"நீ ஒன்பது பத்துன்னு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம்." புத்தகத்தை மறுபடி பார்த்தார். விரலை வரியின் மேல் வைத்து, தேதியைச் சரிபார்த்தார். "எட்டுன்னுதானே இருக்கு. நீ எட்டுன்னுதான் சொல்லியிருப்ப. அப்ப நான் ரெண்டு தடவ கூட்டியிருக்கேன். ஒரு தடவ கூட்டினது ஞாபகம் இருக்கு. இன்னொண்ணு இல்ல."

அவர் குரலில் கோபமே இல்லை. பேருந்தில் யாரோ விட்டுப்போன குடையை எடுத்துப் பார்ப்பதுபோலத் தன் ஞாபகத்தை எடுத்துப் பார்த்தார், இது யாருடையது என்று.

தவறு என்னுடையது என்று சொல்வது எனக்குக் கடினமே இல்லை. ஆய்வகத்தில் தினமும் சொல்கிறேன். குடிநீர் மாதிரிகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு எண் தப்பானால் கோடு போட்டு, சரியான எண்ணையும் என் பெயரின் முதல் எழுத்தையும் எழுதுவேன். ஆனால் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்பதாக இருக்கும். அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

பத்தரை மணிக்குப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்தது. சுற்றிலும் மணல், வரிவரியாக. இரண்டு பக்கமும் ஓடும் வாய்க்கால்கள். தூரத்தில் ஊர், கரையில் எங்கள் கார், அதன் பின்னால் காலி டிரெய்லர். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. எதையும் எட்ட முடியாது.

அப்பா படகைச் சுற்றி நடந்தார். அடிப்பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஐம்பது அடி போய் மணலில் புதைத்துவிட்டு வந்தார். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

நண்பகலில் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"பமேலா எப்படி இருக்கா?"

"மணல்ல சாஞ்சு படுத்திருக்காம்மா. ராத்திரி ஒன்பதே காலுக்குத்தான் எழுந்திருப்பா."

"கொடுத்து வச்சவ. நம்ம வீட்டுல அவ ஒருத்திதான் பகல்ல தூங்குறா." பிறகு அவள் குரல் இறங்கியது. "என்ன ஆச்சு? அப்பா மறந்துட்டாரா?"

அப்பா இருபதடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். காற்று அவர் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. அவருக்குக் கேட்டிருக்காது. சொல்லியிருக்கலாம்.

"நேரக் கணக்குல ஏதோ தப்பு" என்றேன்.

"சரி. தொப்பி போட்டுக்கச் சொல்லு" என்றாள்.

இரண்டு மணிக்கு மேல், வற்றம் கிட்டத்தட்ட முடியும் நேரம், ஒரு பெண் இடுப்புவரை ஏறிய ரப்பர் பூட்ஸோடு வாய்க்காலைக் கடந்து வந்தாள். கையில் மண்வாரியும் வாளியும். தூண்டில் புழு தோண்டுகிறவள். பின்னால் ஒரு கறுப்பு நாய்.

"என்ன கேப்டன், வீடு கட்டப் போறீங்களா? இடம் நல்ல இடம்தான். தண்ணி வசதி உண்டு."

அப்பா தொப்பியைத் தொட்டார். "ஒன்பதே காலுக்குக் காலி பண்ணிடுவோம்."

"நேரத்த ஒரு மணி மாத்திப் போட்டீங்களா? வாரத்துக்கு ஒரு ஆள் வந்து இங்க படுக்கறாங்க. போன வாரம் ஒரு டாக்டர், பொண்டாட்டி புள்ளைங்களோட. அந்தம்மா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அஞ்சு மணி நேரம் நாய்கிட்டதான் பேசிச்சு."

"இங்க அப்படி இல்ல" என்றார் அப்பா. "என் தப்புதான். என் மக அட்டவணையை ஒழுங்காத்தான் எழுதினா. சயின்ஸ் படிச்சவ. அவ கணக்குல தப்பே வராது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

"பாப்பா வேணும்னா எங்கூட வரட்டும். வாய்க்கால் இடுப்பு வரைக்கும்தான். கரைல டீக்கடை இருக்கு, கழிப்பறை இருக்கு."

"போயேன், கண்ணு" என்றார் அப்பா. "நான் பாத்துக்கிறேன்."

"நான் இருக்கேன்பா."

"சொன்னா கேக்க மாட்டா" என்று அவர் அவளிடம் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவள் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். வெகுதூரம் போகும்வரை அவள் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

சாய்ந்த படகின் நிழலில் உட்கார்ந்தோம். அப்பா மெல்ல ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரியச் சிறிது நேரமானது. தன் பேருந்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"...தேவாலய வளைவு. பழைய ஆலை. நூலகம். குதிரை லாயம். மேட்டுத் தெரு முனை. ஆஸ்பத்திரி, முன் வாசல். ஆஸ்பத்திரி, பின் வாசல்..."

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பேருந்தில்தான் ஏழு வருடம் போனேன். ஓட்டுநர் என் அப்பா என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று பின்சீட்டில் உட்காருவேன். ஏறும்போது அவரும் தெரியாதவர்போல என் பயண அட்டையைப் பார்த்துத் தலையசைப்பார். நான் கேட்டுக்கொண்டதில்லை. அவராகவே செய்தார்.

முப்பத்து நான்கு நிறுத்தம். ஒன்றுகூட விடவில்லை.

"சரியாச் சொன்னேனா?"

"எல்லாம் சரிப்பா."

"நீ சும்மா சொல்ற."

"இல்லப்பா. சரியாத்தான் சொன்னீங்க."

மணலை ஒரு கைப்பிடி எடுத்து விரல்களுக்கிடையே விட்டார். "எங்கப்பாவும் பழசெல்லாம் நல்லாச் சொல்லுவாரு. காலைல நடந்ததுதான் போயிடும்."

நான் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். அட்டை ஈரத்தில் மெத்தென்று ஆகியிருந்தது. அதன் முனையை நகத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"பதினாலாம் தேதி வரைக்கும் காத்திருக்கலாம்னு நெனச்சேன்" என்றார். "வேணாம். திங்கக்கிழம டிப்போவுல சொல்லிடறேன், இனிமே ஓட்டலன்னு. எழுபது பேரு உக்காந்திருக்காங்க எம் பின்னால. படகுன்னா மணல்ல ஏறும். பஸ்ஸுன்னா எங்க ஏறும்?"

"அப்பா, ஒரு தப்புதானே."

"ஒண்ணு இல்ல. கார். உன் பேரு. இப்போ இது." மூன்று விரல்களைக் காட்டினார். "நீயே சொல்லுவியே, ரெண்டு புள்ளி எப்பவுமே ஒரு கோட்டுல வரும், மூணாவதும் அதுல வந்தாத்தான் நம்பலாம்னு."

நான் சொன்னதுதான். டோபையஸுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தபோது. இவருக்கு அதுவும் ஞாபகம் இருந்தது.

மூன்றில் ஒரு புள்ளி பொய். அதை எடுத்துவிட்டால் இரண்டு மிச்சம். இரண்டு புள்ளிகளை வைத்து ஒருவர் தன் வேலையை விட வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புள்ளியை எடுக்கும் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டியிருக்கும். அவருடைய மகளும் அவரைப் பார்த்து அதையேதான் நினைத்தாள் என்பதை.

மூன்றரைக்குக் கடல் திரும்பியது. திரும்பியது கண்ணுக்குத் தெரியவில்லை. வாய்க்காலில் மிதந்த நுரை நின்றது, பிறகு எதிர்ப்பக்கம் போனது. ஆறு மணிக்கு மிச்சமிருந்த, பன்றியிறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டியை இரண்டாக வெட்டித் தின்றோம். அப்பா பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். கரையில் ஒவ்வொரு காராகக் கிளம்பிப் போனது. கடைசியில் எங்கள் காரும் டிரெய்லரும் மட்டும் நின்றன.

"பமேலாவ வெலைக்குக் கேட்டு ஒருத்தர் இருக்காரு" என்றார் அப்பா. "சின்னக் குழந்தைங்க இருக்கற வீடு. நல்லா வச்சுப்பாங்க."

எட்டரைக்குத் தண்ணீர் மணல்திட்டின் மேல் மெல்லிய தகடாக வந்தது. வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. நங்கூரக் கயிற்றை இறுக்கிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தோம். அப்பா நோட்டை எடுத்தார். எழுதுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எழுதி, பெயர் போட்டு, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"வாசி. வாசிச்சு முடிச்சுடு. அதோட இதப் பத்திப் பேச வேணாம்."

அவருடைய எழுத்து எப்போதும்போல நேராக இருந்தது.

"பதினேழு" என்று வாசித்தேன். "கோடை நேரத்துக்கான ஒரு மணியை இரண்டு முறை கூட்டினேன். இரண்டாவது முறை கூட்டியது..."

அடுத்த வார்த்தைகள் எனக்குத் தெரிந்தன. நினைவில் இல்லை. கீழே அப்பாவின் பெயர், நெவில். இரண்டும் அங்கேதான் இருந்தன. அவற்றை என் குரலில் சொல்லிவிட்டால் முடிந்தது. வழக்கப்படி யாரும் மறுபடி பேச மாட்டார்கள்.

அப்பா காத்திருந்தார். எங்கள் காலடியில் தண்ணீர் படகைத் தட்டியது. சாய்ந்திருந்த தரை கொஞ்சம் நிமிர்ந்தது, நின்றது, மறுபடி நிமிர்ந்தது. காலையிலிருந்து உருண்டு ஓரமாகக் கிடந்த பென்சில் எங்கள் இருவருக்கும் நடுவே மெல்ல உருண்டு வந்தது.

நோட்டைக் கீழே வைத்தேன். பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அடித்த எட்டு தெரிந்தது. பக்கத்தில் ஒன்பது, என் கையெழுத்தில்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"உங்களுக்கு ஞாபகம் இருந்தது சரிதாம்பா. நான் ஒன்பது பத்துன்னுதான் சொன்னேன். நீங்க ஒரு தடவதான் கூட்டினீங்க. இன்னொரு தடவ கூட்டினது நான். நேத்து, சமையலறைல."

"கூட்டறது என் வேலையாச்சே" என்றார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பிறகு பாதியில் நின்றது. "நீ ஏம்மா கூட்டின?"

"நீங்க மறந்துடுவீங்கன்னு நெனச்சேன்பா."